ட்ரோபோனின் 412: கோத்தகிரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நவம்பர் மாதம், மூன்றாவது நாளாக விடாத மழை. இரவு எட்டு மணிக்கு அந்த அம்மாவை மகன் ஜீப்பிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். வயது 61. கட்டிலில் படுக்கச் சொன்னால் படுக்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, குனிந்து உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினார். ஒரு மூச்சுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. வெளியே அவ்வளவு குளிர், நெற்றியில் மட்டும் வியர்வை.

மகன் சட்டைப் பையிலிருந்து நனைந்த சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காலை 8.40-க்கு ஒரு கிளினிக்கில் எழுதியது. ‘ஈசிஜி நார்மல். ட்ரோபோனின் ஐ நெகட்டிவ். வாயுக் கோளாறு.’ ஓர் ஊசி, வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை. ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கும் புரதம், தசை சேதமானால் ரத்தத்தில் கசியும்.

“காலைல நார்மல்னுதானே சார் சொன்னாங்க?”

அன்று இரவு இதை அவர் நான்கு முறை கேட்டார். ஒரு முறைகூட நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, நேரமில்லை. அப்போது சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளியை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். சிறுமியாக வந்திருக்கிறார், இன்னும் வீட்டை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு அங்கே வழங்கும் பெயரால், ‘லயம்’ என்றுதான் சொல்கிறார். சர்க்கரை பதினொரு வருடமாக உண்டு, ரத்தக் கொதிப்பும் உண்டு. மாத்திரை தீர்ந்தால் அடுத்த முகாம் வரும்வரை இடைவெளி.

காலை ஆறு மணிக்குக் குழாயடியிலிருந்து குடத்தோடு படி ஏறும்போது தொடங்கியது. வலி என்று அவர் சொல்லவே இல்லை. “நெஞ்சுல கரிச்சுக்கிட்டே இருக்கு டாக்டர், மூச்சு ஏற மாட்டேங்குது,” அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்களிடமும், வயதான பெண்களிடமும் மாரடைப்பு இப்படி நெஞ்செரிச்சல் வேடத்தில் வருவது புதிதல்ல. ஆனால் இந்த ஊரில் எல்லோருக்கும் ஏதோ ஒரு வேளை நெஞ்சு கரிக்கிறது. காலையில் பார்த்தவரை நான் குறை சொல்லும் இடம் அதுவல்ல. எந்த இடம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்களிடம் வந்தபோது நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 104/70, மூச்சு நிமிடத்துக்கு 32, ஆக்சிஜன் அளவு 84. இங்கே, கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில், நல்ல ஆளுக்கே 95 காட்டினால் யாரும் கவலைப்படுவதில்லை. 84-க்கு அந்தச் சமாதானம் போதாது. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் அடியிலிருந்து மேல்வரை சளசளவென்ற சத்தம். ஈசிஜியின் வி4 முதல் வி6 வரையிலான பதிவுகளில், இதயத் தசைக்கு ரத்தம் போதாவிட்டால் இடம் மாறும் எஸ்டி என்ற கோடு ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. நுரையீரலில் நீர் கோத்த, எஸ்டி உயராத வகை மாரடைப்பு.

ஆக்சிஜன் முகமூடியை மாற்றி அழுத்தத்தோடு காற்று தரும் கருவியைப் பொருத்தினோம். தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்ற ஃப்ரூஸ்மைடு ஊசி, பிறகு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின், ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின், சர்க்கரைக்கு இன்சுலின். இந்த முதல் மூன்று மாத்திரைகளையும் தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரெல் 75 நான்கு, அடோர்வாஸ்டாடின் 10 எட்டு, ஆக 14 மாத்திரை. இந்த அம்மா அதை விழுங்கியது நெஞ்சு கரிக்கத் தொடங்கிப் பதினான்கு மணி நேரம் கழித்து.

ரத்த முடிவுகள் முக்கால் மணி நேரத்தில் வந்தன. ட்ரோபோனின் ஐ லிட்டருக்கு 412 நானோகிராம். எங்கள் கருவியில் பெண்களுக்கு எல்லை 16. இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி புரோ பிஎன்பி 9,840. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.7, யூரியா 74, சோடியம் 129, சர்க்கரை 318, ஹீமோகுளோபின் 8.2, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறும் லாக்டேட் 2.6.

மகன் சீட்டை எட்டிப் பார்த்தார். “இதுல எது சார் மோசம்?”

அட்டையும் கோடும்

காலையில் செய்தது அட்டைப் பரிசோதனை. கர்ப்பம் பார்க்கும் அட்டை மாதிரிதான்: மூன்று சொட்டு ரத்தம், கால் மணி நேரம், ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் உண்டு. அதில் இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதலாவது நேரம். இதயத் தசை சேதமானதும் ட்ரோபோனின் உடனே ரத்தத்தில் கொட்டிவிடாது. பழைய வகைப் பரிசோதனைகளில் தெரிய மூன்று, நான்கு மணி நேரமாவது ஆகும். உச்சத்துக்குப் போக 12 முதல் 24 மணி நேரம். ஆறு மணிக்குத் தொடங்கியவருக்கு 8.40-க்கு எடுத்த ரத்தம் எதையும் மறுக்காது.

இரண்டாவது, இது பலருக்குத் தெரிவதில்லை, அட்டையின் கூர்மை. கிடைக்கும் அட்டைகள் பலவற்றில் இரண்டாவது கோடு விழ மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் வேண்டும். அதை எங்கள் கருவியின் அளவுக்கு மாற்றினால் லிட்டருக்கு 500. அந்த அம்மாவுக்கு இரவு எட்டு மணிக்கு இருந்தது 412. அதாவது நுரையீரல் நிறைய நீரோடு, வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருக்கும்போது அதே அட்டையைப் போட்டிருந்தாலும் அது ‘நெகட்டிவ்’ என்றுதான் சொல்லியிருக்கும். எல்லையைவிட இருபத்தைந்து மடங்கு, அட்டைக்கு ஒன்றும் இல்லை.

என் குறை இதுதான். அட்டை போட்டதில் தப்பில்லை. ஒற்றை அட்டையை வைத்து ‘நார்மல்’ என்று எழுதியதுதான் தப்பு. ‘இதுவரை தெரியவில்லை, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கணும்’ என்று எழுதியிருந்தால் அவர் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். சொல்லிவிடுகிறேன், சில வருடம் முன்பு நானும் இதே சொல்லை இதே மாதிரி எழுதியவன்தான்.

இரவு பதினொரு மணிக்கு இரண்டாவது ரத்தம் எடுத்தோம்: 1,160. ஏறிக்கொண்டிருக்கிறது. ட்ரோபோனினில் ஓர் எண் மட்டும் கையில் இருந்தால் பாதிக் கதைதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பழைய இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் அது எப்போதுமே கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஆனால் அசையாமல் இருக்கும். மூன்று மணி நேரத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது என்றால் சேதம் இன்று நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆட்டோக்காரரும் அந்த அம்மாவும்

அதே வாரம் எங்களிடம் இன்னொருவர் இருந்தார். 44 வயது, ஆட்டோ ஓட்டுபவர். மார்பை யாரோ மிதிக்கிற மாதிரி வலி வந்த ஐம்பதாவது நிமிடம் வந்துவிட்டார். ஈசிஜியில் எஸ்டி உயர்ந்த வகை, இதய ரத்தக் குழாயில் முழு அடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் ஊசி போட்டோம். ஒரு மணி நேரத்தில் வலி போனது, ஈசிஜி கோடு இறங்கியது. மறுநாள் அவருடைய ட்ரோபோனின் கருவியின் மேல் எல்லையையே தாண்டிவிட்டது. கருவியில் 50,000-க்கு மேல் என்று மட்டும் வந்தது.

அவர் மனைவி அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு அழுதார். பக்கத்து அறையில் 412. இங்கே ஐம்பதாயிரம். யார் பிழைப்பார் என்று எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் தப்பாகத்தான் சொல்வார்கள்.

அடைத்த குழாய் திடீரென்று திறந்தால், சேதமான தசையிலிருந்த ட்ரோபோனின் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டு வெளியே வரும். உச்சம் சீக்கிரம் வரும், உயரமாகவும் வரும். அதில் ஒரு பகுதி நல்ல செய்தியின் அடையாளம். அவருக்கு என்டி புரோ பிஎன்பி 390, கிரியாட்டினின் 0.9, எக்கோவில் இதயம் சுருங்கும் திறன் 50 சதவீதம். மறுநாளே கோவைக்கு ஆஞ்சியோவுக்குப் போனார், ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஐந்தாவது நாள் நடந்து வீடு திரும்பினார். சின்ன ஊரில் கரைக்கும் ஊசி, பிறகு பெரிய ஊரில் ஆஞ்சியோ என்ற இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2017-இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள்.

ட்ரோபோனினுக்கு ஆளைக் கணிக்கும் வலு இல்லை என்று சொல்ல வரவில்லை. 1996-இல் 1,404 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், எஸ்டி உயராத வகையினரிடம் ட்ரோபோனின் ஐ ஏற ஏற 42 நாள் இறப்பும் ஏறியது: குறைந்த அளவில் 1 சதவீதம், மிக அதிக அளவில் 7.5 சதவீதம். ஆனால் அது ஒரே வகை நோயாளிகளுக்குள் ஒப்பிட்டது. ஆட்டோக்காரரையும் இந்த அம்மாவையும் ஒரே கோட்டில் நிறுத்த அது உதவாது.

உதவுவது மாரடைப்பு நோயாளியின் இறப்பு ஆபத்தைக் கணிக்கும் கிரேஸ் மதிப்பெண். வயது, நாடி, ரத்த அழுத்தம், கிரியாட்டினின், நுரையீரல் சத்தம், எஸ்டி மாற்றம், இதய நொதி உயர்வு, வரும்போதே இதயம் நின்றிருந்ததா, இந்த எட்டுதான். பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்த அம்மாவுக்கு: வயதுக்கு 58, ரத்த அழுத்தத்துக்கு 43, நுரையீரலுக்கு 39, எஸ்டிக்கு 28, நாடிக்கு 24, ட்ரோபோனினுக்கு 14, கிரியாட்டினினுக்கு 13. மொத்தம் 219. இந்த வகை மாரடைப்பில் 140-க்கு மேல் போனாலே அதிக ஆபத்து. ஆட்டோக்காரருக்கு 117. இருவருக்கும் ட்ரோபோனினுக்குக் கிடைத்தது அதே 14. எவ்வளவு ஏறியது என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை, ஏறியதா என்று மட்டும் கேட்கிறது.

ஸ்டெதஸ்கோப்புக்கு 39. 1967-இல் கில்லிப், கிம்பல் என்ற இரு மருத்துவர்கள் 250 மாரடைப்பு நோயாளிகளை மார்புச் சத்தத்தை வைத்து நான்காகப் பிரித்தார்கள். சத்தமே இல்லாதவர்களில் 6 சதவீதம் பேர் மருத்துவமனையில் இறந்தார்கள், நுரையீரலில் நீர் கோத்தவர்களில் 38 சதவீதம், அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களில் 81. இன்றைய சிகிச்சையில் இந்த எண்கள் எல்லாம் வெகுவாக இறங்கிவிட்டன, வரிசை மட்டும் மாறவில்லை.

ஆகவே மகன் கேட்டாரே, எது மோசம் என்று. என் பதில்: ட்ரோபோனின் அல்ல. மற்றவை எல்லாம் சேர்ந்து வந்ததுதான் மோசம்.

பிஎன்பி என்ற பெயரில் மூளை இருக்கிறது (‘பி’ என்பது பிரெய்ன்), 1988-இல் ஜப்பானில் முதலில் பன்றியின் மூளையில் கண்டுபிடித்ததால் வந்த பெயர். உண்மையில் அது பெரும்பாலும் இதயக் கீழறையின் சுவர் இழுபடும்போது சுரப்பது. அதோடு பிரிந்து வரும் துண்டுதான் என்டி புரோ பிஎன்பி. மூச்சுத் திணறலோடு வருபவருக்கு 300-க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு அநேகமாக இல்லை. 50 முதல் 75 வயதுக்குள் 900-க்கு மேல் என்றால் அநேகமாக உண்டு. சிறுநீரகம் மந்தமானால் இது கூடுதலாகக் காட்டும், பருமனானவர்களுக்குக் குறைவாகக் காட்டும். 46 கிலோ எடையும் 1.7 கிரியாட்டினினும் உள்ளவருக்கு 9,840-இல் கொஞ்சம் தள்ளுபடி செய்யலாம். செய்தாலும் மிச்சம் நிறைய.

கிரியாட்டினின் ஒரு வருடம் முன்பு முகாமில் 1.1 இருந்தது. 1.7 ஆனது பழைய சர்க்கரைப் பாதிப்பு மட்டுமல்ல, இதயம் தள்ளும் ரத்தம் சிறுநீரகத்துக்குப் போதவில்லை. சோடியம் 129-ஐப் பார்த்துப் பதறிய இளம் மருத்துவரிடம், சர்க்கரை 318 இருக்கும்போது சோடியம் குறைவாகத் தெரியும், திருத்தினால் 132, 133 வரும் என்று சொன்னேன். அதுவும் நல்லதில்லை. உடல் உப்பைவிடத் தண்ணீரை அதிகமாகப் பிடித்து வைக்கிறது என்று பொருள். அப்புறம் ஹீமோகுளோபின் 8.2. தோட்டத்துப் பெண்களிடம் இதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கே மரத்துவிட்டது. அடைபட்ட குழாய் வழியாக வரும் கொஞ்ச ரத்தத்திலும் ஆக்சிஜன் குறைவு என்றால் இதயம் என்ன செய்யும்?

மலை இறங்கியது

இதயச் செயலிழப்போடு வரும் மாரடைப்புக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ என்பது நெறிமுறை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை இன்னொரு 35. அன்று இரவு வழியில் மரம் சாய்ந்து மண் சரிந்து கிடந்தது. குன்னூர் வழியிலும் வண்டி நகரவில்லை. பாதை திறந்திருந்தால்கூட, அழுத்தக் காற்றை நம்பி மூச்சு விடுகிறவரைக் கொண்டை ஊசி வளைவுகளில் நள்ளிரவில் இறக்கியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை மழை எனக்காகத் தீர்த்து வைத்தது.

ஊசி போட்ட இரண்டு மணி நேரத்தில் 650 மில்லி சிறுநீர் போனது. என்னைக் கேட்டால் அன்று இரவின் மிக நல்ல எண் அதுதான். அதை ஆய்வகம் தரவில்லை, கட்டிலுக்கு அடியில் தொங்கிய பை தந்தது. விடியற்காலை நான்கு மணிக்குச் சாய்ந்து படுத்தார், லாக்டேட் 1.5-க்கு இறங்கியது. ஆறரைக்கு ஜேசிபி மண்ணை ஒதுக்கிவிட்டது என்று தகவல் வந்ததும் 108-இல் இறக்கினோம்.

கோவையில் எக்கோ: சுருங்கும் திறன் 34 சதவீதம். ஆஞ்சியோவில் மூன்று குழாய்களிலும் அடைப்பு. பைபாஸ் பற்றிப் பேசினார்கள். சிறுநீரகமும் ரத்தசோகையும் இருக்கும் நிலையில் முக்கியமான குழாய்க்கு மட்டும் ஸ்டென்ட் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்தது.

மூன்றாவது நாள் நான் பயந்தது நடந்தது. ஆஞ்சியோ மருந்து சிறுநீரகத்தைத் தட்ட, கிரியாட்டினின் 2.8, யூரியா 108. அமெரிக்காவில் இதயச் செயலிழப்போடு சேர்ந்தவர்களை வைத்து 2005-இல் வந்த ஓர் ஆய்வு மூன்று எண்களை மட்டும் பார்க்கச் சொன்னது: யூரியா நைட்ரஜன் 43-க்கு மேல், மேல் அழுத்தம் 115-க்குக் கீழே, கிரியாட்டினின் 2.75-க்கு மேல். மூன்றும் நல்லபடி இருந்தவர்களில் மருத்துவமனை இறப்பு சுமார் 2 சதவீதம், மூன்றும் கெட்டவர்களில் சுமார் 22. நம் ஆய்வகங்கள் தருவது யூரியா, அந்த ஆய்வு சொல்வது யூரியா நைட்ரஜன். அந்த 43 நம் கணக்கில் ஏறக்குறைய 92. இதைக் கவனிக்காமல் ‘யூரியா 50 இருக்கே’ என்று கதிகலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆய்வு சேர்க்கையின்போது எடுத்த எண்களுக்கானது, நடுவில் ஏறியதற்கு அப்படியே பொருத்தக் கூடாது. தெரிந்தும் மனசு பொருத்திப் பார்த்தது.

டயாலிசிஸ் தேவைப்படவில்லை. பதினொன்றாம் நாள் வீடு திரும்பும்போது கிரியாட்டினின் 1.6, என்டி புரோ பிஎன்பி 5,200. சேரும்போது இருந்ததிலிருந்து 30 சதவீதமாவது இறங்கியிருந்தால் பிந்தைய நாட்கள் நல்லபடி போக வாய்ப்பு அதிகம் என்பார்கள். இவருக்குக் கிட்டத்தட்ட 47 சதவீதம் இறங்கியிருந்தது.

ஏழாவது வாரம்

ஜனவரியில், உறைபனிக் காலத்தில், காலெல்லாம் வீங்கி மறுபடி வந்தார். எடை 46-லிருந்து 50. என்டி புரோ பிஎன்பி 11,300. ட்ரோபோனின் 38, மூன்று மணி நேரம் கழித்து 40. எல்லைக்கு மேல்தான், ஆனால் நகரவில்லை. புது மாரடைப்பு இல்லை. பிறகு ஏன்?

“மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடுறீங்களாம்மா?” என்று கேட்டேன். தலையாட்டினார். நானும் எழுதிக்கொண்டேன். சிஸ்டர்தான் மகனிடம் மாத்திரைப் பையை வாங்கிக் கட்டிலில் கொட்டி எண்ணினார். எல்லா அட்டையும் பாதிக்கு மேல் காலி, நீர் மாத்திரை மட்டும் அப்படியே இருந்தது.

குழுக் கடன் கட்ட வேண்டியிருந்ததால் ஆறாவது வாரமே கொழுந்து பறிக்கப் போய்விட்டிருக்கிறார். “அதைப் போட்டா அரை மணிக்கு ஒருக்கா ஒதுங்கணும் சிஸ்டர். காட்டுக்குள்ள எங்க போறது? தேயிலைக்குள்ள காட்டெருமை வேற நிக்குது.”

நாங்கள் எடுத்த எந்த ரத்தப் பரிசோதனையிலும் இது இல்லை. கழிப்பறை இல்லாத தோட்டத்தில் காலை எட்டு மணிக்கு நீர் மாத்திரை எழுதிக் கொடுத்தது நான்தான். நான்கு நாள் ஊசியில் எடை 46.5-க்கு வந்தது. மாத்திரையை மாலை நான்கு மணிக்கு, கொழுந்து நிறுத்துவிட்டு வீடு வந்த பிறகு என்று மாற்றினோம். விழுங்கிய ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கி ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும், தூக்கமும் அவ்வளவாகக் கெடாது. இரும்புச் சத்து பார்த்தோம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 18, மிகக் குறைவு. நரம்பு வழியே இரும்பு ஏற்றினோம், மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 10.9.

இரண்டு, மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் உடனே வரவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினோம். வீட்டில் எடை மெஷின் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

எட்டாவது மாதம் வந்தபோது எக்கோவில் 41 சதவீதம், கிரியாட்டினின் 1.4, என்டி புரோ பிஎன்பி 1,450. சீட்டை மகனிடம் கொடுத்து ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா குறுக்கே புகுந்தார்.

“நாப்பத்தாறரைதான் இருக்கேன் டாக்டர். தெனமும் பாத்துடுறேன்.”

“எங்கம்மா பாக்குறீங்க?”

“கொழுந்து நிறுக்கிற தராசுலதான். மூட்டையை எறக்கிட்டு ஏறி நின்னுக்குவேன். மேஸ்திரி திட்டுவாரு, ஆனா நம்பரைச் சொல்லிடுவாரு.”